மலைக்கு நேர்ந்த முடி

தாமோதரனுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து அவன் தலையில் கத்தரி பட்டதில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டால் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். ஆந்திரா எல்லையோரக் குடுபல்லி ஸ்டேஷனில் அவன் ரயிலைவிட்டு இறங்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த ஊர்ச்சனத்தில் பாதிப் பேர், "பொண்ணு லட்சணமா கீது" என்றார்கள். மீதிப் பேர் கால்சட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

முடி வளர்ந்தது இங்கிலாந்தில். அதற்குக் காரணமானவரோ குடுபல்லியைவிட்டு அதிக தூரம் போகாத கன்னையா. தாமோதரனின் தாத்தா, அவன் அப்பா ஏழுமலையின் நைனா. ஏழுமலை கோலார் தங்கவயலில் ஃபிட்டர் வேலை பழகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் கப்பலேறி, கவென்ட்ரி என்ற ஊரில் ஒரு கார் தொழிற்சாலையில் சேர்ந்தவன். மூன்று வருஷம் கழித்து மனைவி லட்சுமம்மாவையும் அழைத்துக்கொண்டான். அங்கே அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. மூன்றாவது முறை உண்டானபோது கன்னையா போஸ்ட்மாஸ்டரைப் பிடித்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். 'மலைக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் முதல் முடி ஏழுமலையானுக்கு. அதுவரை கத்தரி படக் கூடாது.'

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மலைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கவென்ட்ரியிலிருந்து திருப்பதிக்குப் போவது சித்தூரிலிருந்து போவது மாதிரியா? ஒரு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டிரைக். ஒரு வருஷம் லட்சுமம்மாவுக்கு ஆபரேஷன். ஒரு வருஷம் விமானக் கட்டணத்தைக் கேட்டதுமே மனசு மாறிவிட்டது. 'மொட்டைக்கு அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறோம் நைனா' என்று ஏழுமலை ஆண்டுக்கொரு கடிதம் எழுதுவான். 'முடி பத்திரம்' என்று கன்னையாவிடமிருந்து பதில் வரும். இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியை அவன் கொண்டையைப் பார்த்துவிட்டு, இது உங்கள் மதத்துக்காகவா என்று கேட்டாள். ஏழுமலைக்கு இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேண்டுதல், மலை, மொட்டை என்று இங்கிலீஷில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? "ஆமாம், மதம்தான்" என்றான். அவள் ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டான். அவன் பொய் ஒன்றும் சொல்லவில்லை. எந்த மதம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் பையனைக் கொண்டுபோய் சர்தார்ப் பிள்ளைகளோடு உட்கார வைத்தாள். அதிலும் பக்கத்து வீட்டு குர்தயாள் சிங்கின் பையன்கள் குல்வந்த், ஜஸ்பீர் இருவரும் அந்தப் பள்ளிக்கூடம்தான். லட்சுமம்மா சலவைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து தாமோதரன் வளர்ந்ததெல்லாம் குர்தயாள் சிங் வீட்டு அடுப்படியில். அந்த வீட்டம்மாள் தன் பிள்ளைகளுக்கு வாரும்போது இவனுக்கும் வாரி, கொண்டை போட்டு, அதில் சின்னதாக ஒரு மரச்சீப்பைச் செருகி, கறுப்புத் துணி கட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு குருத்வாராவுக்குப் போய் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வருவான். வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டதால் தமிழ், 'வா, போ, சாப்பிடு, தூங்கு' என்ற அளவோடு நின்றுபோயிற்று. பஞ்சாபி தாராளமாக வந்தது. ஏழுமலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிள்ளையை ஒருத்தர் கவனித்துக்கொள்கிறார்கள், முடியும் பத்திரமாக இருக்கிறது. அவனுக்கு அது வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

எழுபத்தாறு ஜூலையில் ஒருவழியாகக் கிளம்பினார்கள். அந்த வருஷம்தான் கவென்ட்ரியில் சொந்தமாக ஒரு வீடு பேசி முடித்திருந்தார்கள். பாஸ்போர்ட்டையும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக மாற்றியாயிற்று. விமானத்தில் ஏழுமலை மனைவியிடம், "இத முடிச்சிட்டா அவ்ளோதான். இனிமே இவ்ளோ செலவு பண்ணிக்கினு வரணும்னு அவசியமில்ல" என்றான்.

"மொதல்ல புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள் லட்சுமம்மா.

சொல்லவில்லை. சாமி பார்க்க ஒரு மலைக்குப் போகிறோம் என்ற அளவில் நிறுத்தியிருந்தான். மீதியை மலையடிவாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

கன்னையா ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இப்போது சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். மனைவி செத்து ஐந்து வருஷமாகிறது. அதற்கு ஏழுமலை வரவில்லை. தந்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. பேரனைக் கண்டதும் அவர் தூக்கிக் கொஞ்சவில்லை. துணியை எடுத்து, கொண்டையை அவிழ்த்து, முடியை முழங்கைமேல் போட்டு நீளம் பார்த்தார். செருகியிருந்த சின்ன மரச்சீப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மரச்சீப்பு கூட குடுத்து வெச்சிக்கினு கீறியே. நல்லா வளத்துக்கினு வந்த" என்று மருமகளைப் பாராட்டினார். லட்சுமம்மா புருஷனைப் பார்த்தாள். புருஷன் பெட்டியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தான்.

மறுநாளிலிருந்து கன்னையாவுக்குக் காலையில் ஒரு வேலை கூடியது. புழுக்களுக்குத் தழை போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். தாமோதரன் ரொம்ப நாள் பழகியவன் மாதிரி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். எண்ணெய் தடவி, விரலால் சிக்கெடுத்து, அந்தச் சின்னச் சீப்பாலேயே நுனியிலிருந்து மேலே மேலே வாருவார். ஒரு முடி அறுந்து வந்தாலும் அவருக்கு முகம் சுருங்கிவிடும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அரை மணி நேரம் போகும், ஒரு வார்த்தை இருக்காது. பையனும் நெளிய மாட்டான். வேறு யாராவது ஆசையாகத் தொட வந்தால், "சாமி சொத்து. கண்டவங்க கை வெக்கக்கூடாது" என்று கன்னையா விரட்டுவார்.

ஏதாவது பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஏழுமலை நிற்க வேண்டும்.

"இன்னா சொல்றான்?"

அவன் சொன்னது, இந்த எண்ணெய் நாறுகிறது என்று. "எண்ணெ நல்லா வாசனையா கீதாம் நைனா."

ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறான், அங்கே சோறு போடுகிறீர்களா இல்லையா என்று கன்னையா கேட்டால், நீ அழகாக இருக்கிறாய் என்கிறார் தாத்தா என்று இங்கிலீஷில் போய்ச் சேரும். தாத்தா சிரிப்பார், பேரன் சிரிப்பான்.

"ரெண்டு பக்கமும் பொய்யா சொல்லிக்கினு கீறீங்க" என்று லட்சுமம்மா முறைத்தாள்.

"ரெண்டு பேரும் சந்தோஷமா கீறாங்க இல்ல? உனக்கின்னா வந்துது?" என்றான் அவன்.

மொட்டை என்ற சொல் ஐந்தாம் நாள் வெளியே வந்தது. எதிர்வீட்டு செங்கம்மா பையனைப் பார்த்து, "இவ்ளோ முடியும் மொட்டையில பூடுமே" என்று உச்சுக்கொட்டினாள். அப்படி என்றால் என்ன என்று பையன் அம்மாவிடம் கேட்டான். லட்சுமம்மா சொல்லத் தெரியாமல் உள்ளங்கையால் தலையை முன்னிருந்து பின்னாக வழித்துக் காட்டினாள்.

தாமோதரன் கத்தவில்லை. நேரே அப்பாவிடம் வந்தான். "முடியை வெட்டக் கூடாது. மதம் என்று மிஸ்ஸிடம் சொன்னது நீங்கள்தான். கையெழுத்துப் போட்டீர்கள். அது பொய்யா?" என்று இங்கிலீஷில் கேட்டான். மதம் நிஜம்தான், ஆனால் அது வேறு. முடியை வளர்த்ததே வெட்டுவதற்காகத்தான் என்று ஏழுமலை விளக்கப் பார்த்தான். பேசப் பேச அவனுக்கே அது நியாயமாகப் படவில்லை. பையன் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "குல்வந்தும் ஜஸ்பீரும் இனிமேல் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லி அழுதான்.

தழைக்கட்டோடு வந்த கன்னையா வாசலில் நின்றார். "இன்னாத்துக்கு அழறான்?"

"ஊட்டு ஞாபகம் நைனா. சரியா பூடும்" என்றான் ஏழுமலை. பிறகு, பேச்சை மாற்றுகிற அவசரத்தில், "சீக்கிரம் மொட்டைய முடிச்சிட்டா எனக்கும் ஒரு கவல வுட்டுது" என்றான்.

கன்னையா அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை மொட்டை என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் குப்பம் போய் பஸ் ஏறினார்கள். சித்தூரில் லட்சுமம்மாவின் தம்பி நாகையா பஸ் டிப்போவில் வேலை செய்கிறான். அவன் வீட்டில் தங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு மறுநாள் மலைக்குப் போவதாக ஏற்பாடு. முதல் மொட்டைக்குப் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். நாகையாவுக்கு இருப்பது ஒரே அக்கா, அந்த அக்காவுக்கு ஒரே பிள்ளை. அவனும் எட்டு வருஷமாக அந்த நாளைக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

பலமனேரில் பஸ் நின்றது. பத்து நிமிஷம் என்று கண்டக்டர் தெலுங்கில் சத்தம் போட்டுவிட்டு டீக்கடைக்குள் போய்விட்டார். ரோட்டோரம் தக்காளிக் கூடைகள் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சர்தார். அவ்வளவுதான், தாமோதரன் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினான். அவர் முன்னால் போய் நின்று, கைகூப்பி, அவர்கள் வழக்கப்படி ஒரு வணக்கம் சொன்னான்.

அந்த ஆள் திகைத்துப் போனார். எங்கோ ஆந்திராவில், புளியமரத்தடியில், தன் ஊர்ப் பேச்சு ஒரு குழந்தை வாயிலிருந்து வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? கையிலிருந்த இரும்பைக் கீழே போட்டுவிட்டு அவனை அலாக்காகத் தூக்கி லாரிப் படியில் உட்கார வைத்தார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பையன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தான். இன்னும் ஏதோ கேட்டான், அவர் வானத்தைக் காட்டிப் பதில் சொன்னார். கன்னையா டீ கிளாஸைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போயிற்று. ஊருக்கு வந்த பதினோரு நாளில் அந்தப் பையன் அவரிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது.

ஹாரன் அடித்ததும் சர்தாரே பையனைக் கொண்டுவந்து விட்டார். கொண்டைத் துணியை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டு, ஏழுமலையின் தோளைத் தட்டி இந்தியில் ஏதோ சொன்னார். பிள்ளையை நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏழுமலைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் நாகையா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்ததும் கன்னையா மகனைக் கூப்பிட்டார்.

"அது இன்னா பாஷடா?"

"பஞ்சாபி நைனா. பக்கத்தூட்டுக்காரங்க பாஷ."

"அவங்க முடி வெட்டமாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க."

"இவனும் மாட்டேன்றானா?"

ஏழுமலை எல்லாவற்றையும் சொன்னான். ஷிப்டு, தலைமையாசிரியை, கையெழுத்து, பக்கத்து வீட்டு அடுப்படி, அன்றைக்குப் பையன் அழுத உண்மையான காரணம். கலப்படமில்லாமல் அவன் நைனாவிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கடைசியில், "நீ கவலப்படாத. சின்னப்புள்ள, பத்து நிமிஷம் அழுவான். நான் புடிச்சிக்கிறேன்" என்றான். பையனுக்கு முடி திரும்ப வளரும், நைனாவுக்கு இன்னொரு எட்டு வருஷம் கிடைக்காது என்று அவன் மனசுக்குள் தீர்த்துவிட்டான்.

"ஓகோ" என்றார் கன்னையா.

மறுநாள் மலைமேல் மொட்டையடிக்கும் கல்யாணக்கட்டாவில் நல்ல கூட்டம். சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஈரமும் முடியுமாகத் தரை வழுக்கியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குழந்தை வீறிட்டது, கோவிந்தா கோவிந்தா என்று பெரியவர்கள் அந்த அழுகையை அமுக்கினார்கள். தாமோதரன் அழவில்லை. ஏழுமலை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அது சில்லிட்டிருந்தது.

முறை வந்தது. நாகையா சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அதற்காகவே புது வேட்டி கட்டி வந்திருந்தான். "கூர்ச்சோ பாபு" என்று நாவிதர் பையனுக்கு நாகையாவின் மடியைக் காட்டினார். ஏழுமலை பையனைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். கறுப்புத் துணி அவிழ்ந்தது. முடி நாகையாவின் முழங்காலைத் தாண்டி ஈரத்தரையில் விழுந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாவிதர் தண்ணீரை அள்ளி உச்சியில் தெளித்தார். பையன் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தோள்மேல் இருந்த கையைப் பார்த்தான். ஏழுமலைக்குத் தன்னை நினைத்தாலே வெறுப்பாக இருந்தது. பிடியை மட்டும் விடவில்லை.

"நாகையா, எழுந்திரு" என்றார் கன்னையா.

நாகையா புரியாமல் விழித்தான்.

"புள்ளைய எடுத்துக்கினு எழுந்திருடா. இன்னிக்கு அவனுக்கு இல்ல. எனக்கு."

அவரே பையனைத் தூக்கி லட்சுமம்மா பக்கம் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நாவிதருக்கு யார் தலையாக இருந்தால் என்ன? வெள்ளை முடி, அதுவும் கொஞ்சம்தான். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வேட்டி நனைந்ததுதான் மிச்சம் என்ற முகத்தோடு நாகையா நின்றான்.

"நேந்துக்கினது இன்னா ஆறது மாமா? சாமி குத்தம் ஆயிடாதா?" என்று லட்சுமம்மா மெதுவாகக் கேட்டாள்.

"சாமி எங்க பூடப் போறான்? மலமேலதான கீறான். புள்ள வரும்போது வாங்கிக்குவான்" என்றார் கன்னையா.

குளத்தில் முழுகிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவர் படியில் உட்கார்ந்தார். நாகையா தேங்காய் வாங்கப் போயிருந்தான். ஏழுமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"புள்ள மூஞ்சியப் பாத்து மனசு எளகிட்ட இல்ல நைனா?"

"அட போடா. உனக்கு இதே மலையில மொட்ட போடும்போது நீ கத்தின கத்துக்கு ஊரே கூடிச்சி. நான் வுட்டேனா?"

"அப்ப ஏன் வேணாம்ன?"

கன்னையா துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "வருஷா வருஷம் கடுதாசியில இன்னா எழுதுவ? மொட்டைக்கு வரோம்னு எழுதுவ. அந்த வரிய மட்டும் போஸ்ட்மாஸ்டர ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேப்பேன். உங்கம்மா செத்ததுக்கு நீ வர்ல. மொட்டைக்குத்தான் வந்த. முடிச்சிட்டா கவல வுட்டுதுன்னு சொன்னியே அன்னிக்கு. முடிச்சிட்டா அப்புறம் இன்னான்னுடா எனக்குக் கடுதாசி எழுதுவ?"

அப்படியெல்லாம் இல்லை நைனா என்று சொல்ல ஏழுமலை வாயெடுத்தான். விமானத்தில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டவள் இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்தாள். அவன் குளத்தைப் பார்த்தான்.

தாமோதரன் இறங்கி வந்து தாத்தாவின் மொட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தான். கன்னையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்கிட்ட சொல்லு. இந்த முடி சாமியோடது. இவங்கிட்ட குடுத்து வெச்சிக்கீது. பத்திரமா வெச்சிக்கினு இருந்து, இங்கயே எடுத்துக்கினு வந்து குடுக்கணும். நான் இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி. சொல்லு."

பையன் அப்பாவைப் பார்த்தான். இனிமேல் இந்த முடியை யாரும் தொட மாட்டார்கள் என்கிறார் தாத்தா, என்று ஏழுமலை இங்கிலீஷில் சொன்னான்.

"எப்போதுமேவா?"

"எப்போதுமே."

தாமோதரன் பாய்ந்து கிழவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சந்தனம் கன்னமெல்லாம் அப்பிக்கொள்ள, பஞ்சாபியும் இங்கிலீஷுமாகக் காதுக்குள் என்னென்னவோ சொன்னான்.

"இன்னா சொல்றான்?"

"கட்டாயம் வரேன்றான் நைனா."

லட்சுமம்மா இந்தத் தடவை முறைக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கன்னையா பேரனைத் திருப்பி உட்கார வைத்தார். அந்தச் சின்ன மரச்சீப்பை வாங்கி, நாவிதர் தெளித்த தண்ணீரில் ஒட்டிப்போயிருந்த முடியை நுனியிலிருந்து வாரத் தொடங்கினார்.

"அடுத்த வாட்டி புரட்டாசி சனிக்கெழமையா பாத்து வரச் சொல்லு. விசேஷம்."

"அதையும் சொல்லிட்டேன் நைனா" என்றான் ஏழுமலை.